கடைசி மூன்று மில்லிமீட்டர்

நீரிணையிலிருந்து கிளம்பிய காற்று
கேரேஜ் கதவின் அடியில் நாக்கை விட்டுத் துழாவுகிறது.
பழைய சாக்கைத் திணித்தும்
ஒரு சிட்டிகை மணல் உள்ளே வந்துவிட்டது.
புன்டா அரீனாஸ். ஞாயிறு. இரவு பத்தரை.
என் நிஸான் இரண்டு ஸ்டாண்டின் மேல்
வலது முன்சக்கரம் இல்லாமல் நிற்கிறது,
ஒரு செருப்பை மட்டும் கழற்றச் சொன்ன ஆளைப் போல.

நாளை விடுமுறை, கடை எதுவும் திறக்காது.
செவ்வாய் விடியலில் தெருமுனையில்
மருத்துவமனைச் சமையல்காரிகள் நால்வர் நிற்பார்கள்,
கைகளை அக்குளில் செருகிக்கொண்டு.

பிஸ்கட் பெட்டியின் அட்டையில்
டைமிங் கவரின் வடிவத்தைப் பேனாவால் வரைந்து
கழற்றிய போல்ட்டுகளை அங்கங்கே குத்தி வைத்திருக்கிறேன்.
நெட்டை ஓரிடம், குட்டை ஓரிடம்.
மாற்றிப் போட்டால் அலுமினியம் பொறுக்காது.

எனக்கு முன் இதை ஓட்டியவர் யாரோ,
கறுப்புச் சிலிகானை வாரி அப்பியிருந்தார்.
அவர் முகம் தெரியாது.
அவருடைய அவசரத்தை மட்டும்
பிளேடால் இரண்டு மணி நேரம் சுரண்டினேன்.

இப்போது என் முறை.
விளிம்போடு ஒரே கோடு,
போல்ட் துளை வந்தால் உட்பக்கமாக வளைத்து,
மூச்சைப் பிடித்து.
பத்து நிமிடத்தில் தோல் கட்டிவிடும்.
நிபால்டோ கைக்கடிகாரத்தைக் கழற்றி
பேட்டரி மேல் வைத்தான்.

கவரைத் தூக்கினோம். செயினைத் தாண்டியது.
சீலின் உதடு கிராங்க் முனையைக் கவ்வியது.
நகர்ந்தது, நகர்ந்தது,
நின்றது.

மூன்று மில்லிமீட்டர்.
சுற்றிலும் அதே இடைவெளி,
டார்ச் அடித்தால் உள்ளே இருட்டு தெரிகிற அளவு.

"போல்ட்டைப் போட்டு இழு ஓர்ஃபெலினா,
தானாக வந்து உட்காரும்."
என் அக்காவைக் கட்டிக்கொண்டதும்
இவன் இதே முறையில்தான்.

ஸ்பானரைக் கையில் எடுத்தும்விட்டேன்.
அப்போதுதான் என் விரல் ஞாபகப்படுத்தியது:
சாயங்காலம், துடைக்கும்போது,
கவருக்குள்ளிருந்த ஆயில் பம்பின் கியரை
சும்மா ஒரு சுற்று சுற்றிவிட்டேன்.
வெண்ணெயில் சுழல்வது போல் இருந்தது, இன்னொரு சுற்று.
கிராங்கில் இரண்டு தட்டை முகம், கியரில் இரண்டு.
அவை ஒன்றையொன்று பார்த்தால்தான் வழி.
நான் விளையாட்டாய்த் திருப்பியது
இப்போது முறைத்துக்கொண்டு நிற்கிறது.

இழுத்திருந்தால் டப்பென்று ஒரு சத்தம்.
அவ்வளவுதான், கார்.

வெளியே எடுத்தேன்.
போட்ட கோடெல்லாம் ஈஷிக்கொண்டு வந்தது.
பெட்ரோலில் நனைத்துத் துடைத்தேன்,
இரண்டு பக்கமும், முதலிலிருந்து.
நிபால்டோ ஒன்றும் சொல்லவில்லை.
அவன் சொல்லாமலிருப்பதும் கேட்டது.

டியூபில் மிச்சம் சுண்டுவிரல் அளவு.
ஸ்க்ரூடிரைவர் கம்பியில் சுருட்டிச் சுருட்டிப் பிதுக்கினேன்.
கீழ் மூலையில், ஆயில் தொட்டியைத் தொடும் இடத்தில்,
கோடு நூலாகிவிட்டது.
இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது.

கியரை மயிரிழை திருப்பி,
மறுபடி தூக்கினோம்.
இம்முறை கவர் தயங்கவே இல்லை.
தக்.
ஏதோ எங்களுக்காகக் காத்திருந்தது போல.
அட்டையிலிருந்து போல்ட்டுகளைப் பிடுங்கினேன்,
எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன்.
டார்க் ரெஞ்ச் ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை தலையாட்டியது.

திங்கள் முழுதும் ஹீட்டரை அதன் முகத்தில் வைத்து
கண்ணில் எண்ணெய் விட்டுக் காத்திருந்தேன்.
எண்ணெய் அங்கே மட்டும் இருந்தால் போதும் என்றிருந்தது.

இரவு ஒன்பதுக்கு ஸ்டார்ட் செய்தேன்.
செயின் இரண்டு விநாடி பல்லைக் கடித்தது,
பிறகு அடங்கியது.
அதே பிஸ்கட் அட்டையை எஞ்சினுக்கு அடியில் விரித்துவிட்டுப்
படுக்கப் போனேன்.

செவ்வாய், ஐந்து இருபது.
அட்டையில், போல்ட் குத்திய ஓட்டைகளுக்கு நடுவே
மிளகளவு ஒரு பொட்டு.
தொட்டேன், முகர்ந்தேன்.
குறுக்குச் சட்டத்தில் தங்கியிருந்த பழசா,
அந்த நூல் மூலையிலிருந்து புதுசா,
எண்ணெய்க்கு முகவரி இல்லை.

பேனாவை எடுத்து
பொட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன்.
பக்கத்தில் நேரம்.

சாயங்காலம் வந்து இதே இடத்தில் நிறுத்த வேண்டும்.
இப்போதைக்குத்
தெருமுனையில் நால்வர்.